மூன்றாவது விசில்

நவம்பர் 9

"அவ என்ன தின்னா, எப்ப தின்னான்னு தினமும் எழுதி வை, எப்சி" என்று சொல்லிவிட்டுப் போனாள் வெர்லின். நான் எழுத உட்கார்ந்தால் அவள் தின்றதோடு நிற்காது. அது வெர்லினுக்குத் தெரியாது. தமிழில் எழுதுவதால் இனி தெரியப்போவதும் இல்லை.

அவள் என்றால் பிட்டி. என் கட்டைவிரல் அளவு இருப்பாள். சாம்பல் கலந்த பச்சை உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். எப்போதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் எட்டிப் பார்க்கும் எங்கள் பழைய தலைமையாசிரியை போலவே ஒரு பார்வை. கரீபியன் கடலில் இந்த செயின்ட் பிளேஸ் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பூச்சிதின்னிக் குருவி. இந்தத் தீவிலும் மலைமுகட்டில் மேகம் தட்டும் காட்டில்தான் இருந்தது. செப்டம்பர் புயல் அந்தக் காட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு ஆண் குருவியின் குரலையும் யாரும் கேட்கவில்லை. விழுந்த மரத்தடியில் சிறகு பிசகிக் கிடந்த இவளை வனக்காவலர் ஆஸ்மண்ட் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். வனத்துறை அலுவலகத்தின் கூரை கடலுக்குள் போய்விட்டதால், அதிகாரி வெர்லின் இவளை என்னிடம் விட்டாள். ஆறு வருடமாக அவளோடு பறவை பார்க்கப் போகிறவள் நான் என்பதுதான் என் தகுதி.

அத்தான் இங்குள்ள மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் வாத்தியார். புயலில் கல்லூரி மூடியதும் நாகர்கோவிலுக்குப் போய்விட்டார், அங்கே வேறு கல்லூரியில் வேலையும் கிடைத்துவிட்டது. "ரெண்டே வாரம் அத்தான், குருவி தேறினதும் வந்திருவேன்" என்று விமான நிலையத்தில் சொன்னேன். அது போன மாதம்.

நவம்பர் 14

காலியாக இருந்த அறையில் கொசுவலையைக் கூடாரமாகக் கட்டி அதற்குள் கிளைகளை நட்டு வைத்திருக்கிறேன். பிட்டிக்கு அதில்தான் வாசம். கொசு உள்ளே போகாமல் இருக்கக் கண்டுபிடித்த வலையை, பூச்சி வெளியே போகாமல் இருக்கப் பயன்படுத்துகிறேன்.

நாளெல்லாம் தின்றால்தான் இவ்வளவு சின்ன உடம்பு ஓடும். விடிந்ததும் அழுகிய வாழைப்பழத்தில் மொய்க்கும் ஈயைப் பிடிக்கிறேன். ஆஸ்மண்ட் கரையான் புற்றுத் துண்டைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து தருகிறார். கொய்யா இலையைத் திருப்பித் திருப்பிப் புழு தேடுகிறேன். ஊரில் ஒரு பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவள் நான்.

தானாகத் தின்ன மாட்டேன் என்கிறாள். பழைய பதிவிலிருந்து ஆணின் பாட்டைப் போட்டால் மட்டும் தலையைத் தூக்கி, "டக்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு, அலகைத் திறக்கிறாள். பெண்ணுக்குப் பாட்டு கிடையாது, அந்த ஒரு "டக்" தான். ஆணின் பாட்டு என் காதுக்கு எங்கள் ஊர்த் தமிழாகவே கேட்கிறது: வாறியா, வாறியா, வாறியா. அதனால் காலையில் வராந்தாவில் சின்ன ஸ்பீக்கரை வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, குக்கரையும் அடுப்பில் ஏற்றிவிட்டு, ஊட்ட உட்காருகிறேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சமையல்.

நவம்பர் 17, ஞாயிறு

அத்தான் கூப்பிட்டார். இங்கே காலை, அங்கே சாயங்காலம்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீங்க?"

"கடையிலதான். எப்ப வாற?"

"இன்னும் பறக்க மாட்டேங்குது அத்தான்."

"சவத்தத் தூக்கி அந்த ஆபீஸ்காரிகிட்ட குடுத்துட்டு வாளா. ஊர்ல இல்லாத குருவியா?"

ஊரில் இல்லாத குருவிதான். அதுதானே விஷயம். அவருக்கு வெந்நீர் போடக்கூட வராது. கடைச் சாப்பாடு அவர் வயிற்றுக்கு ஆகாது என்று நினைத்தபடியே புழு பொறுக்கினேன்.

நவம்பர் 26

இன்று ஒரு கூத்து. மூன்றாவது விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, ஆவி அடங்கியபின் திறந்தால் அரிசி அப்படியே கல்லாக இருக்கிறது. நேற்றும் இப்படித்தான். குக்கரின் வாஷர் போய்விட்டது என்று அதைத் திட்டிக்கொண்டே மறுபடி ஏற்றினேன். அப்போதுதான் வாசல் கரண்டு கம்பத்தின் உச்சியிலிருந்து விசில் வந்தது. சாம்பல் நிறத்தில், நீண்ட வாலை ஆட்டிக்கொண்டு, அடுத்த பறவைகளின் குரலையெல்லாம் பாவனை செய்யுமே, அந்தப் பறவை. நான் அதற்கு மிமிக்ரி என்று பெயர் வைத்திருக்கிறேன். கல்லூரி வேன் ரிவர்ஸில் வரும்போது போடும் சத்தம், பூனைச் சண்டை எல்லாம் ஏற்கனவே அதற்கு மனப்பாடம். இப்போது என் குக்கரையும் கற்றுக்கொண்டுவிட்டது. "உஸ்ஸ்ஸ்" என்று ஆவி இறங்குவதைக்கூட விடவில்லை.

பல நாளுக்குப் பிறகு தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். வெட்டவெளியில் திரிகிற ஜாதி அது, காட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. என் சமையலறைதான் அதற்குச் சங்கீதப் பள்ளி.

டிசம்பர் 8, ஞாயிறு

அத்தான் கூப்பிட்டார். நாகர்கோவிலில் நம் வீட்டு மாடிப் போர்ஷனுக்கு ஒரு டீச்சர் குடிவந்திருக்கிறாளாம். தனி ஆளாம். மீன்கறி கொடுத்துவிட்டாளாம். நல்ல கையாம். கடைச் சாப்பாட்டுக்கு அது எவ்வளவோ தேவலை. எனக்கும் ஒரு கவலை விட்டது.

டிசம்பர் 19

டெங்குக்குப் புகை அடிக்கும் வண்டி சொல்லாமல் கொள்ளாமல் தெருவில் வந்துவிட்டது. நான் கை இரண்டையும் விரித்துக்கொண்டு நடுரோட்டில் போய் நின்றேன்.

"அம்மா, தள்ளுங்க. கொசு சாகணுமா, வேண்டாமா?" என்றான் ஓட்டுநர்.

"என் வீட்டைத் தாண்டி அடிங்க. உள்ள ஒரு குருவி இருக்கு."

"ஒரு குருவிக்காகவா?"

"ஆமா, ஒரே ஒரு குருவி" என்றேன். அவன் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டு சிரித்தான்.

அவன் மேல் தப்பு இல்லை. பக்கத்துத் தெருவில் இரண்டு பேர் காய்ச்சலில் கிடக்கிறார்கள். ஜன்னல்களை ஈரத் துணியால் அடைத்தேன். பிட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தோட்டத்தில் ஈ இல்லை, அந்து இல்லை, கொய்யாவில் ஒரு புழு உயிரோடு இல்லை. வெறும் வாழைப்பழம் தட்டில் கறுத்துக் கிடக்கிறது. எனக்கு அழுகை வந்தது.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். ஆஸ்மண்ட் மலைக்குப் போய்க் கரையான் கொண்டுவந்தார். பிட்டி தின்றாள். நான் பிரெட் தின்றேன்.

ஜனவரி 7

ஆஸ்மண்டோடு முகட்டுக்குப் போனேன். புயலுக்குப் பிறகு நான் மேலே ஏறியது இன்றுதான். போகாமலே இருந்திருக்கலாம்.

முன்பு அங்கே நடந்தால் வெயில் மேலே படாது. பாசி பிடித்த கிளைகளில் தண்ணீர் சொட்டும். இலைக்கு அடியில் புழு, பட்டைக்கு அடியில் பூச்சி, அதைக் கொத்திக்கொண்டு பிட்டிகள் தலைகீழாகத் தொங்கும். இப்போது குச்சி குச்சியாக மரங்கள். தண்டில் மட்டும் கொத்துக் கொத்தாகத் துளிர். பாசி வெயிலில் காய்ந்து, தொட்டால் பொடியாக உதிர்கிறது. நடுவில் மண் சரிந்து பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்துக்கு அப்பால் போக வழியே இல்லை.

ஆணின் பாட்டை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். வாறியா, வாறியா, வாறியா. நகர்ந்து போய் மறுபடி போட்டோம். தன் எல்லைக்குள் வேறு ஆண் பாடினால் ஆண் குருவி சும்மா இருக்காது, சண்டைக்கு வரும். யாரும் சண்டைக்கு வரவில்லை. ஆஸ்மண்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அடுத்த வாரம் வருவோம்" என்றார்.

இறங்கும்போது ஒரு நினைப்பு. பிட்டி என்பது இனத்தின் பெயர். இவளுக்கென்று தனிப் பெயர் வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. இனி வைக்கத் தேவையும் இல்லை போலிருக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

அத்தான் பேசினார். மழை இல்லை, வெயில் தொடங்கிவிட்டது, தேங்காய் விலை ஏறிவிட்டது. பேசும்போது பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"அங்க யாரு சமைக்கா?" என்றேன்.

"பக்கத்து வீடு."

பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் முருங்கையும் கிணறும் இருக்கிறது. சாயங்காலக் காற்று நம் பக்கம் அடித்தால் கேட்கும்தான். எப்ப வாற என்று இன்று கேட்கவில்லை. மறந்திருப்பார்.

ஜனவரி 23

கரண்டுக்காரர்கள் வந்து பழைய மரக் கம்பத்தைப் பிடுங்கிவிட்டுத் தெரு முனையில் இரும்புக் கம்பம் நட்டார்கள். மிமிக்ரிக்குச் சிம்மாசனம் போய்விட்டது. கொஞ்ச நேரம் கூரையில் நின்று கத்திவிட்டு, மலைப் பக்கமாகப் பறந்தது. சோறு இனி ஒழுங்காக வேகும்.

பிட்டி சிறகை விரித்து ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் பறந்தாள்!

பிப்ரவரி 2

மிமிக்ரியைக் காணோம். காலையில் தெருவே ஊமையாக இருக்கிறது.

பிப்ரவரி 11

ஆஸ்மண்ட் மூச்சு வாங்க ஓடிவந்தார். அறுபதை நெருங்கும் ஆள் இப்படி ஓடலாமா என்று கேட்பதற்குள் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

"கேட்டேன். பள்ளத்துக்கு அந்தப் பக்கம். சத்தியமா கேட்டேன்."

எதைக் கேட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

பிப்ரவரி 12

கேட்டேன். நானே கேட்டேன். ஸ்பீக்கரில் போட்டதும் பள்ளத்துக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. வாறியா, வாறியா, வாறியா. சுரம் பிசகவில்லை. வெர்லின் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இருபத்தாறு வருஷ வேலை, எப்சி. நான்தான் கடைசி ஆளா நின்னு கதவைச் சாத்தப்போறேன்னு நினைச்சேன்" என்றாள்.

கண்ணில் படவில்லை. மரமெல்லாம் மொட்டை, இலை மறைக்கிறது என்றும் சொல்ல முடியாது. தொலைவுதான் காரணம். கட்டைவிரல் அளவு குருவி பள்ளத்தைத் தாண்டித் தெரியுமா என்ன?

வீட்டுக்கு வந்து பிட்டியிடம் சொன்னேன். மாப்பிள்ளை கிடைத்துவிட்டான் என்றேன். "டக்" என்றாள்.

பிப்ரவரி 20

அவனைப் பிடித்து இவளோடு சேர்க்கலாம் என்று மெல்லிய வலை கட்டிப் பார்த்தார்கள். சிக்கவில்லை. பாட்டைப் போட்டால் பதில் தருகிறான், கிட்டே வர மாட்டேன் என்கிறான். "பாட்டு முடிஞ்சதும் சில சமயம் பெருமூச்சு விடுறான், பாவம்" என்றார் ஆஸ்மண்ட். காதல் முற்றிவிட்டது என்று நாங்கள் கேலி செய்தோம். எனக்கு அது காற்றுச் சத்தமாகத்தான் கேட்டது.

பிப்ரவரி 23, ஞாயிறு

போன் வரவில்லை. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பிறகு ஒரு செய்தி: டயர்டு. நாளை பேசலாம்.

மார்ச் 3

பிட்டி இளைத்துக்கொண்டே போகிறாள். நெஞ்செலும்பு விரலில் கத்தி முனை மாதிரி தட்டுப்படுகிறது. வெயில் காலம், பூச்சி அருகிவிட்டது. நான் கொடுப்பதில் பாதியைத் துப்பிவிடுகிறாள். பாட்டைப் போட்டாலும் இப்போது தலையைத் தூக்குவதில்லை. பதிவு என்று கண்டுபிடித்துவிட்டாளோ என்னவோ.

வெர்லின் வந்து வெகு நேரம் வலைக்கு வெளியே நின்று பார்த்தாள்.

"இங்க வச்சிருந்தா இந்த மாசம் தாண்ட மாட்டா. மேல விட்டா அவன் இருக்கான். முட்டையிடுற காலமும் வருது. ஆனா காடு காடா இல்ல, தின்ன கிடைக்குமான்னு தெரியல. நீ சொல்லு எப்சி. அவளை உனக்குத்தான் தெரியும்."

"அவன் தின்னு உயிரோடதான இருக்கான்? அவனுக்குக் கிடைக்கிறது இவளுக்கும் கிடைக்கும்" என்றேன்.

நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

மார்ச் 6

விட்டாயிற்று.

துணிப்பையில் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன். வழியெல்லாம் அவள் இதயம் என் கையில் அடித்துக்கொண்டே வந்தது. பள்ளத்தின் விளிம்பில் வெர்லின் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டாள். அப்பாலிருந்து உடனே பதில் வந்தது. வாறியா, வாறியா, வாறியா.

பையைத் திறந்தேன். முதலில் என் விரலிலேயே உட்கார்ந்திருந்தாள். மறுபடி அந்தக் குரல் வந்ததும் உடம்பு விறைத்துத் தலையைத் தூக்கினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு "டக்" என்றாள். பிறகு நேராக, ஒரு கிளையிலும் தங்காமல், பள்ளத்தைத் தாண்டிக் குரல் வந்த பக்கமே பறந்தாள். அவ்வளவு தூரம் அவள் பறந்து நான் பார்த்ததே இல்லை. ஆஸ்மண்ட் தொப்பியைக் கழற்றினார். வெர்லின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் மூவரும் அழுதோம். சந்தோஷ அழுகைதான். அந்த நிமிடம் வரை சந்தோஷம்தான்.

அவன் மறுபடி பாடினான். காற்று அடங்கியிருந்தது. பாட்டு முடிந்தது. அதன் பின்னாலேயே விசில் அடித்தது. உஸ்ஸ்ஸ். இன்னொன்று. இன்னொன்று.

வெர்லின் என் தோளை அழுத்தினாள். "கேட்டியா? இது புதுசு! பழைய பதிவு எதுலயும் இந்தச் சத்தம் இல்ல. இவளைப் பார்த்ததும் புதுசா பாடுறான்!"

அவள் உடனே அதைப் பதிவு செய்யத் தொடங்கினாள். ஆஸ்மண்ட் சிரித்துக்கொண்டு, "நான் சொன்னேன்ல, பெருமூச்சு" என்றார். இந்தத் தீவில் இன்னும் இருக்கிறவர்களில் குக்கரில் சோறு வைப்பவள் நான் ஒருத்திதான். காடு இருந்திருந்தால் அந்த மிமிக்ரி அங்கே போயிருக்காது. வெட்டவெளி ஆகிவிட்டதால்தான் போயிருக்கிறது. அதற்கு அந்தப் பாட்டை வராந்தாவில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

மார்ச் 7

விடிவதற்கு முன்பே தனியாக ஏறினேன். பாட்டைப் போட்டேன். அது பதில் பாடியது. பிட்டியின் "டக்" கேட்கவில்லை. டப்பாவில் கரையான் வைத்திருந்தேன். டப்பாவைத் தட்டினேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அது பாடியது.

மார்ச் 8

ஏறினேன். இல்லை.

மார்ச் 10

வெர்லினை வீட்டுக்குக் கூப்பிட்டேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவளை வராந்தாவில் உட்காரவைத்து, உள்ளே போய்க் குக்கரில் அரிசி போட்டு அடுப்பில் வைத்துவிட்டு, வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன எப்சி, சாப்பாடா? எனக்குப் பசி இல்லையே."

"கொஞ்சம் இரு."

முதல் விசில் அடித்ததும் அவள் முகம் மலைப் பக்கம் திரும்பியது. இரண்டாவதில் சமையலறைப் பக்கம் திரும்பியது. மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டாள். நான் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நேரா பறந்தா, இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"நேரா பறந்தா" என்றேன்.

இருவரும் அந்தச் சோற்றைத் தொடவில்லை.

மார்ச் 14

கொசுவலையை அவிழ்த்துத் துவைத்தேன். கிளைகளை வெளியே போட்டேன். வாழைப்பழத்தில் ஈ நிறைய மொய்க்கிறது. பிடிக்க ஆள் இல்லாததால் தைரியம்.

மார்ச் 16, ஞாயிறு

அத்தான் கூப்பிட்டார்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"அந்தக் குருவி என்னாச்சு?" என்றார். இத்தனை மாதத்தில் இன்றுதான் சவம் என்று சொல்லாமல் அவளை விசாரித்தார்.

"ஆண் குருவி கெடச்சுட்டு அத்தான். மேல கொண்டு போய்ச் சேத்து விட்டாச்சு."

"நல்லதாப் போச்சு. ரெண்டும் சொகமா இருக்கட்டும்."

"இனி இங்க எனக்கு வேலை ஒண்ணும் இல்ல. டிக்கெட் பாக்கட்டா?"

"பாக்கலாம், பாக்கலாம். அவசரம் ஒண்ணும் இல்ல. இங்க இப்ப வெயில் ஆளைக் கொல்லுது, கேட்டியா? நீ தாங்க மாட்ட."

பின்னால் குக்கர் விசில் அடித்தது. அவர் வெயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். இரண்டாவது அடித்தது. தண்ணீர்ப் பஞ்சம், கிணறு வற்றிவிட்டது என்றார். மூன்றாவது அடித்தது.

அவர் பேச்சை நிறுத்தவே இல்லை. யாரோ நம் வீட்டு அடுப்பை அணைத்தார்கள்.